அபூ சாலிம், பிரான்சுவா

பிரான்சுவா அபூ சாலிம் (1951–2011) பாலஸ்தீன நாடக இயக்குநர், நடிகர், நாடகாசிரியர். 1967 போருக்குப் பின் இஸ்ரேலின் பிடிக்குள் வந்த கிழக்கு ஜெருசலேமில் நவீன அரபு நாடகத்தை வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர். தந்தை லோராண்ட் காஸ்பார் ஹங்கேரிய வம்சாவளியினர். பிரெஞ்சு மொழிக் கவிஞர். ஜெருசலேமிலும் பெத்லகேமிலும் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர். தாய் பிரெஞ்சுக்காரர். மகனோ ஜெருசலேமிலேயே வளர்ந்து, அரபியில் சிந்தித்து, குடும்பப் பெயரை விட்டு அபூ சாலிம் ஆனார். பிறப்பைச் சுட்டி அவரை அயலாராகப் பார்த்தவர்களும் உண்டு. ஆனாலும் பாலஸ்தீன நாடக வரலாற்றை அவரை விலக்கி எழுத முடியாது.

பெய்ரூத்தில் இயேசு சபையினர் நடத்திய பள்ளியில் படித்தார். பின்னர் பாரிஸில், ஆரியான் முனுஷ்கின் தலைமையிலான தியாத்ர் தூ சொலேய் குழுவின் கூட்டுப் படைப்பு முறையை அருகிருந்து கற்றார். ஓர் ஆசிரியர் எழுதித்தரும் பிரதிக்குக் காத்திராமல், நடிகர்கள் கூடிப் பேசி, நடித்துப் பார்த்து நாடகத்தை உருவாக்கும் அந்த முறைதான் கடைசிவரை அவருடைய வழியாக இருந்தது.

1970களின் தொடக்கத்தில் ஜெருசலேம் திரும்பி, இளைஞர்கள் சிலருடன் பலாலீன் குழுவைத் தொடங்கினார். அதன் புகழ்பெற்ற நாடகம் ‘இருள்’. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே விளக்குகள் அணைந்துவிடும். மேடையில் இருப்பவர்களும் பார்வையாளர் நடுவே அமர்ந்திருக்கும் நடிகர்களும் பழுது எங்கே, யார் பொறுப்பு, எப்படிச் சரிசெய்வது என்று வாதிடுவார்கள். இருட்டில் அமர்ந்திருந்த மக்களுக்கு எந்த இருளைப் பற்றிய பேச்சு இது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதைவிடப் பெரிய துணிச்சல் வசனம். மேடைக்கு உரியது இலக்கிய அரபியே என்ற வழக்கத்தை உடைத்து, ஜெருசலேம் கடைவீதியில் கேட்கும் பேச்சு அரபியிலேயே நடித்தார்கள். பிற்காலப் பாலஸ்தீன நாடகங்களின் இயல்பான உரையாடலுக்கு வழி திறந்தது இந்த முடிவுதான்.

1977இல் ஜாக்கி லுபெக் உள்ளிட்டோருடன் அவர் நிறுவிய எல்-ஹகவாத்தி நாடகக் குழு, காப்பிக்கடைகளில் கதை சொல்லும் பழைய கதைசொல்லியின் பெயரைத் தாங்கியது. ஜெருசலேம்வாசிகளும் கலிலேயப் பாலஸ்தீனர்களும் ஒரே குழுவில் சேர்ந்தார்கள். ‘மஹ்ஜூப் மஹ்ஜூப்’, ‘கலிலேயன் அலி’ ஆகியவை ஆக்கிரமிப்பின் கீழ் வாழும் சாமானியனைச் சிரிப்பும் வலியுமாகக் காட்டின. மேற்குக்கரையில் நாடகம் போட ராணுவத் தணிக்கையின் அனுமதி வேண்டும். பல இடங்களில் அது மறுக்கப்பட்டது. ஊர் ஊராகச் சென்று கிடைத்த கூடங்களில் நடித்த குழு, தீயில் சிதைந்து கிடந்த அல்-நுஸ்ஹா திரையரங்கைக் குத்தகைக்கு எடுத்துச் சீரமைத்து 1984இல் திறந்தது. பாலஸ்தீனர்களுக்கெனக் கிடைத்த அந்த அரங்கைப் பின்னர் இஸ்ரேலிய அதிகாரிகள் பலமுறை மூடினார்கள்.

லுபெக்குடன் சேர்ந்து உருவாக்கிய ‘குஃபுர் ஷம்மாவின் கதை’ அவருடைய படைப்புகளில் தலைசிறந்தது. 1948 போரில் அழிந்த ஊருக்குத் திரும்பும் ஒருவன், சிதறிப்போன ஊர்க்காரர்களைத் தேடி நாடு நாடாக அலையும் கதை இது. 1989இல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் நடக்கவிருந்த இதை அதன் தலைவர் ஜோசப் பேப் ரத்து செய்தார். வேறொரு அரங்கம் முன்வந்ததால் நியூயார்க் மக்கள் அதைப் பார்க்க முடிந்தது.

1990களில் குழு கலைந்தது. அதிலிருந்த எட்வர்ட் முஅல்லிமும் இமான் அவ்னும் அஷ்தார் அரங்கை நிறுவினார்கள். லுபெக் சிறார் நாடகத்துக்குச் சென்றார். அபூ சாலிம் ஐரோப்பாவிலும் இயக்கினார். 1997 சால்ஸ்பர்க் விழாவில் மோட்சார்ட்டின் ‘செராலியோவிலிருந்து கடத்தல்’ இசை நாடகம் அவர் இயக்கத்தில் மேடையேறியது. கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் பெய்ரூத் முற்றுகை நினைவுநூலையும் நாடகமாக்கினார்.

2011 அக்டோபர் 1 அன்று ரமல்லாவில் காலமானார். அவர் உருவாக்கிய அரங்கம் பாலஸ்தீன தேசிய நாடக அரங்கம் என்ற பெயரில், கடன் நெருக்கடிகளுக்கு இடையே இயங்கிவருகிறது.