கிழக்கு வட்டம் மேற்கே இருக்கிறது

கொரியாவின் இன்சியான் நகரம் நம்மில் பலருக்கு ஒரு விமான நிலையமாகவும், 2014 ஆசிய விளையாட்டுப் போட்டியாகவும்தான் தெரியும். அதன் வட்டங்களைக் குறிப்பெடுக்க உட்கார்ந்த முதல் நாளே எனக்குத் தலை சுற்றியது. அங்கே வட்டத்துக்கு 'கு' என்று பெயர். டோங்-கு என்றால் கிழக்கு வட்டம். நான் பாட்டுக்குக் கிழக்கு ஓரத்தில் தேடிக்கிட்டிருக்கேன், அதுவோ மேற்கே கடலை ஒட்டி உட்கார்ந்திருக்கு! ஜுங்-கு, அதாவது நடு வட்டம், இன்னும் வேடிக்கை. கடலுக்கு நடுவே இருக்கும் யோங்ஜோங் தீவும் 2001இல் திறந்த விமான நிலையமும் அதற்குள்தான் வந்தன.

பெயர் வைத்தவர்கள் மேல் தப்பில்லை. 1968இல் ஜுங், டோங், நாம், புக் (நடு, கிழக்கு, தெற்கு, வடக்கு) என்று நான்கு வட்டங்கள் பிரித்தபோது நகரத்தின் மையம் 1883இல் திறந்த ஜெமுல்போ துறைமுகப் பகுதி. அங்கே நின்றுதான் திசை பார்த்தார்கள். அப்புறம் நகரம் நிலப்பக்கமாக வளர்ந்துகொண்டே போனது. 1981இல் மாகாணத்திலிருந்து பிரிந்து தனி நிர்வாகம் ஆனது. 1995இல் வடக்கு வட்டம் புப்யோங், கேயாங் என்று இரண்டாக உடைந்து, 'வடக்கு' என்ற பெயரே காணாமல் போனது. தெற்கு வட்டத்துக்குத் தெற்கே யோன்சு என்ற வட்டமே முளைத்தது.

நாம்டோங்-கு என்று ஒன்று இருக்கிறது. தென்கிழக்கு வட்டம் என்று நானே முதலில் எழுதி, பிறகு அடித்தேன். அந்த 'டோங்' கிழக்கு இல்லை, ஊர் என்று பொருள்படும் வேறு சீன எழுத்து.

2018 ஜூலை 1 அன்று தெற்கு வட்டம் தன் பெயரை மிச்சுஹோல் என்று மாற்றிக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1145இல் தொகுக்கப்பட்ட 'சம்குக் சாகி' வரலாற்று நூலில் பெக்ஜே அரசு பிறந்த கதை வருகிறது. ஓன்ஜோ, பிர்யு என்று இரண்டு சகோதரர்கள். பிர்யு கடலோர மிச்சுஹோலில் குடியேறுகிறார். நிலம் ஈரம், தண்ணீர் உப்பு, பிழைக்க முடியவில்லை. தம்பியின் ஊர் செழிப்பதைப் பார்த்து வெட்கி இறந்துபோகிறார். யாருக்கோ தெற்கே இருப்பதைவிட, தோற்றுப்போன ஓர் அரசனின் ஊராக இருப்பது மேல் என்று நினைத்திருக்கிறார்கள். சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

ஜெமுல்போ விஷயத்தில் அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். 2024இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் டோங்-குவும் ஜுங்-குவின் நிலப்பகுதியும் சேர்ந்து ஜெமுல்போ-கு, தீவுப்பகுதி தனியாக யோங்ஜோங்-கு. ஜெமுல்போ பழைய பெயர்தான். ஆனால் 1876இல் ஜப்பான் போர்க்கப்பலைக் காட்டிக் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாகத்தானே அந்தத் துறைமுகம் திறந்தது? பக்கத்திலேயே ஜப்பானியர், சீனர் குடியிருப்புகளும் வந்தன. உப்புத் தண்ணீர்க் கதையை ஏற்ற மாதிரி இதை ஏற்பது அத்தனை சுலபமில்லை.

என் வரைபடத்தில் டோங்-கு என்பதை இன்னும் அழிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் ஜெமுல்போ என்று எழுதி வைத்திருக்கிறேன்.