கலம் கழுவும் பொறி

1893ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் மாபெரும் உலகப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. மாணவ மாணவியரே, அந்த ஆண்டையும் அந்த நகரையும் நீங்கள் வேறொரு காரணம் பற்றி அறிவீர்கள். சுவாமி விவேகானந்தர் உரை நிகழ்த்திய சர்வசமயப் பேரவை அப்பொருட்காட்சியை ஒட்டியே செப்டம்பர் மாதத்தில் கூடியது. பேரவையில் நிகழ்ந்ததை நம் பாடநூல்கள் சொல்கின்றன. பொருட்காட்சித் திடலின் உணவுச்சாலைகளில், பின்கட்டில் நிகழ்ந்ததை அவை சொல்வதில்லை. வந்தவர் உண்டெழுந்த தட்டுகளும் கோப்பைகளும் அங்கே கம்பிக் கூடைகளில் அடுக்கப்பட்டு ஓர் இயந்திரத்துள் சென்றன. மனிதக் கை தேய்க்காமலே தூயனவாய் வெளிவந்தன. அவ்வியந்திரத்தை ஆக்கியவர் ஜோசபின் காக்ரேன் என்னும் பெண்மணி. நல்ல அமைப்பு, நீடித்த உழைப்பு, எடுத்த வேலைக்கு ஏற்ற தகுதி ஆகியவற்றைப் பாராட்டி அப்பொருட்காட்சியிலேயே அவருக்குப் பரிசும் கிடைத்தது.

அந்த இயந்திரத்தின் வரலாற்றையே இன்று சொல்லப் புகுகிறேன். அதற்கு ஒரு பயன் உண்டு. நம் ஊர்களிலும் இப்போது சில இல்லங்களில் இப்பொறி இடம்பெற்றிருக்கிறது. முதலில் வாங்கியது தேய்ந்து போய், அதற்கு ஈடாக மற்றொன்று வாங்கும் கட்டத்திற்குப் பலர் வந்திருக்கின்றனர். எங்கள் இல்லத்திலும் அந்நிலையே. கடையில் கண்ணாடிக் கதவையும் ஒளிரும் எண்களையும் கண்டு மயங்குவதினும், ஒவ்வோர் உறுப்பும் எந்த இடரைத் தீர்க்க எழுந்தது என்பதை அறிந்து செல்வது நன்று.

காக்ரேன் அம்மையாருக்கு முன்பே இம்முயற்சி தொடங்கிவிட்டது. 1850இல் ஜோயல் ஹௌட்டன் என்பவர் மரத்தாலான பொறி ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் சக்கரம் நீரை வாரிக் கலங்களின்மேல் இறைக்கும். நீர் பட்டதேயன்றிப் பிசுக்குப் போகவில்லை. வேறு சிலர் தூரிகைகளைச் சுழலவிட்டுத் தேய்க்க முயன்றனர். கை செய்வதை அப்படியே பொறியும் செய்யவேண்டும் என்பது அவர்கள் கருத்து. நாமும் பாத்திரம் துலக்குவது என்று சொல்லும்போது தேய்ப்பதைத்தானே எண்ணுகிறோம்? ஆனால் தட்டு தட்டையானது, கிண்ணம் குழிந்தது, கோப்பைக்குக் காது உண்டு. நம் விரல்கள் அந்தந்த வடிவிற்கேற்ப வளைந்து கொடுக்கும். தூரிகைக்கு அந்த அறிவு ஏது?

ஜோசபின் அம்மையார் 1839இல் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவர். இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் என்னும் சிற்றூரில் வில்லியம் காக்ரன் என்ற வணிகரின் மனைவியாக வாழ்ந்தார். விருந்தோம்பலில் விருப்பமுள்ள செல்வக் குடும்பம். முன்னோர் வழிவந்த விலையுயர்ந்த பீங்கான் கலங்கள் அவ்வீட்டில் இருந்தன. விருந்து முடிந்து பணியாளர் கழுவும்போது அவற்றின் விளிம்புகள் உடைந்தன. அம்மையார் பொறாதவராய்த் தாமே கழுவத் தொடங்கினார். சில நாளில் அவ்வேலை அவருக்குச் சலித்தது. பொறி பற்றிய எண்ணம் அந்தச் சலிப்பில் பிறந்ததே. இவ்வரலாற்றைச் சொல்லும் நூல்கள் யாவும் பீங்கானின் பெருமையை விரிவாகப் பேசுகின்றன. நாள்தோறும் வெந்நீரில் கிடந்து வெடித்த பணிப்பெண்களின் கைகளைப் பற்றி அவற்றில் பேச்சில்லை. கலம் உடையாமல் இருக்கவே முதலில் பொறி வேண்டப்பட்டது. கை நோகாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பிற்பாடுதான் வந்தது. வரலாறு படிப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, அம்மையாரின் அறிவுத்திறத்தைக் காண்போம். தேய்ப்பதை அவர் அடியோடு கைவிட்டார். கலம் அசையாதபடி நின்றால், அதன்மேல் சூடான சவர்க்கார நீரை விசையோடு பீய்ச்சினால் போதும் என்று கண்டார். ஆனால் கலம் அசையாமல் நிற்பது எப்படி? அவர் முதலில் செய்த காரியம், தம் வீட்டுத் தட்டுகளையும் கிண்ணங்களையும் கோப்பைகளையும் ஒவ்வொன்றாக அளந்ததுதான். அவ்வளவிற்கு ஏற்பக் கம்பியால் அறைகள் அமைத்தார். அவ்வறைகளை ஒரு சக்கரத்தின்மேல் பொருத்தி, அச்சக்கரத்தைச் செப்புக் கொப்பரை ஒன்றனுள் படுக்கவைத்தார். சக்கரம் சுழலும்போது கீழிருந்து வெந்நீர் பாய்ந்து கலங்களைக் கழுவிற்று. கலத்தை அளந்து, பிறகு அதற்கேற்பப் பொறியை அமைத்தார். இந்த ஒழுங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

இடையில் 1883இல் கணவர் காலமானார். அவர் விட்டுச் சென்றது பெரும்பாலும் கடனே. செல்வக்குடிப் பெண்ணின் விருப்பமாக இருந்த ஒன்று இப்போது கைம்பெண்ணின் பிழைப்பாயிற்று. ஜார்ஜ் பட்டர்ஸ் என்னும் இயந்திரத் தொழிலாளரின் துணையோடு வீட்டின் பின்புறக் கொட்டகையில் வேலை நடந்தது. பிற கம்மியரோ அவர் சொன்னபடி செய்ய மறுத்தனர். பொறிநூல் படியாத பெண்ணுக்கு என்ன தெரியும் என்று தங்கள் வழியிலேயே செய்து பார்ப்பார்கள். அது தவறிய பிறகே அவர் வழிக்கு வருவார்கள். அந்தச் செலவும் அவர் தலையில்தான் விழுந்தது. 1886ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது.

விற்பது அதனினும் கடினமாயிற்று. சிகாகோவின் பால்மர் விடுதிக்கு முதலில் விற்றார். பிறகு ஷெர்மன் விடுதிக்குச் சென்றார். துணையின்றி ஒரு பெண் விடுதியின் முன்கூடத்தைக் கடந்து செல்வது அக்காலத்தில் வழக்கமன்று. அந்தக் கூடத்தைத் தனியே கடந்ததே தம் வாழ்வில் செய்த மிகக் கடினமான செயல்களுள் ஒன்று என்று அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

விடுதிகளும் மருத்துவமனைகளும் வாங்கின, இல்லங்கள் வாங்கவில்லை. விலை ஒரு காரணம். வேறு இரண்டும் உண்டு. ஒன்று, இப்பொறிக்கு வேண்டிய அளவு வெந்நீரை அக்கால வீட்டுக் கொதிகலன்கள் தரவில்லை. மற்றொன்று, பல ஊர்களின் நீர் கடின நீர். அந்நீரில் கலந்த சுண்ணச் சத்தும் மக்னீசியச் சத்தும் சவர்க்காரத்தோடு கூடித் திரிந்து போகும்; நுரை எழாது; கலத்தில் வெண்படலம் படியும். கிணற்று நீரில் துணி துவைத்துப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. காக்ரேன் அம்மையார் 1913இல் மறைந்தார். அவர் நிறுவிய தொழிலகத்தை 1926இல் ஹோபார்ட் நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனம் கிச்சன்எய்ட் என்ற பெயரில் இல்லங்களுக்கான பொறியை வெளியிட்டது 1949இல்.

இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவிலும் வேலை நடந்தது. 1924இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹோவர்ட் லிவன்ஸ் என்பவர் வீட்டுக்கேற்ற சிறு பொறி ஒன்றை அமைத்தார். முன்புறக் கதவு, உள்ளே கம்பித் தட்டு, சுழன்று நீர் தெளிக்கும் குழாய் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. இன்றைய பொறியின் உருவம் ஏறத்தாழ அதுவே. இந்த லிவன்ஸ்தான் முதல் உலகப் போரில் பகைவர்மீது நச்சுவாயுக் கலன்களை எறியும் கருவியையும் ஆக்கியவர். ஒரே மூளையிலிருந்து இரண்டும் வந்தன! செருமனியில் மீலே நிறுவனம் 1929இல் மின்சாரத்தால் இயங்கும் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காக்ரேன் பொறியில் கலங்கள் சுழன்றன. பிந்தியவற்றில் கலங்கள் நிற்க, நீர்க்குழாய் சுழன்றது. பொறி தானே நீரைச் சூடாக்கிக் கொள்ளக் கற்றதும் வெந்நீர்க் குறை நீங்கிற்று. கடின நீருக்கு மாற்றாக உப்புப் பெட்டி வந்தது. பொறியின் அடியில் பிசின் மணிகள் நிறைந்த சிறு கலன் உண்டு. நீர் அதன் வழியே செல்லும்போது சுண்ணச் சத்தையும் மக்னீசியச் சத்தையும் மணிகள் பிடித்துக்கொண்டு, சோடியத்தை விடும். மணிகளின் ஆற்றல் தீரும்போது உப்புநீர் அவற்றை மீண்டும் புதுப்பிக்கும். இரசாயனம் படிக்கும் மாணவர்கள் இதை அயனி மாற்றம் என்ற தலைப்பில் படித்திருப்பீர்கள்.

கடின நீரின் கதை அதோடு முடியவில்லை. அமெரிக்காவில் நெடுங்காலம் பொறிக்கான சலவைத் தூளில் பாஸ்பேட்டு என்னும் உப்பைச் சேர்த்து வந்தனர். அது கடினத்தை அடக்கும், பிசுக்கைப் பிரிக்கும். ஆனால் கழிவுநீரோடு ஏரி குளங்களைச் சேர்ந்ததும் பாசிக்கு உரமாகி, நீரிலுள்ள உயிர்வளியைக் குறைத்து மீன்களை மாய்க்கும். ஆகவே 2010ஆம் ஆண்டு ஜூலை முதல், அம்மையாரின் இல்லினாய் உட்பட 17 மாநிலங்கள் அதனைக் கட்டுப்படுத்தின. 8.7 விழுக்காடு வரை இருந்த பாஸ்பரசின் அளவு 0.5 விழுக்காட்டிற்குக் குறைக்கப்பட்டது. வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் வட்டாரத்தில் இத்தடை 2008இலேயே வந்துவிட்டது. அவ்வூரார் சிலர் எல்லை கடந்து ஐடாஹோ மாநிலத்திற்கு வண்டியோட்டிச் சென்று பழைய தூளை வாங்கி வந்தனராம்! தடை பரவியபோது கண்ணாடிக் குவளைகள் மங்கின. தட்டுகளில் வெண்பொடி படிந்தது. தூள் மாறியதை அறியாத பலர் பொறிதான் கெட்டது என்று எண்ணிப் பழுது பார்ப்போரை அழைத்தனர். நல்ல பொறிகள் வீண்பழி சுமந்தன.

ஆகவே புதிய பொறி வாங்கு முன், பழையது உண்மையிலேயே இறந்துவிட்டதா என்று பாருங்கள். வெண்படலம் படிந்தால் உப்புப் பெட்டி காலியாக இருக்கலாம். கலம் சரியாகத் துப்புரவாகவில்லை எனில், சுழலும் குழாயின் துளைகளில் பருக்கை அடைத்திருக்கலாம். நீர் வெளியேறாவிடில் அடியிலுள்ள வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். கறிவேப்பிலையும் புளியங்கொட்டையும் செய்யும் குறும்பு பெரிது. இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் எங்கள் பொறி எழவில்லை. நீரைச் சுழற்றும் எக்கி தேய்ந்து, நீர் கசிந்து மின்பலகையும் கெட்டிருந்தது. பழுது பார்க்கும் செலவு புதியதன் விலையில் பாதியை எட்டியது.

அது 2020இல் வாங்கிய பொறி. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் பொது முடக்கம் வந்தபோது, பத்துப்பாத்திரம் தேய்க்க வரும் பெண்கள் வர இயலாது போயிற்று. நம் நகரங்களில் பல குடும்பத்தார் இப்பொறியை முதன்முதல் நாடியது அப்போதுதான். முடக்கம் நீங்கி, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் திரும்ப வந்தார். பொறி இருக்கையில் முழுக் கூலி எதற்கு என்று என் மகன் வினவினான். “பொறிக்கு வயிறு இல்லை” என்று என் மனைவி சொன்ன மறுமொழியோடு அப்பேச்சு நின்றது. கூலி குறையவில்லை, கைவேலைதான் சிறிது குறைந்தது. ஆனால் எல்லா இல்லங்களிலும் இப்படி முடிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பொறி யாருடைய கைக்கு ஓய்வு தருகிறது, யாருடைய கைக்கு வேலையில்லாமல் செய்கிறது என்ற கேள்வியை விலைச்சீட்டில் எவரும் அச்சிடுவதில்லை.

இனித் தேர்வுக்கு வருகிறேன். கடைகளில் 12 பேருக்கு, 14 பேருக்கு என்று ஓர் அளவு சொல்கிறார்கள். அது ஐரோப்பியர் ஒருவர் உண்ணும் தட்டு, கிண்ணம், கோப்பை, கரண்டி ஆகியவற்றைக் கொண்டு கட்டிய கணக்கு. நம் அடுப்பங்கரையில் தட்டைவிடப் பானை பெரிது. குக்கர், வாணலி, இட்லித் தட்டு, தூக்குச்சட்டி ஆகியவற்றின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து குறித்துக்கொண்டு, நாடாவோடு கடைக்குச் செல்லுங்கள். மேல் அடுக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் முடிகிறதா, கீழ் அடுக்கின் முட்கம்பிகள் மடங்குகின்றனவா என்று பாருங்கள். 45 சென்டிமீட்டர் அகலமுள்ள பொறி இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதில் பெரிய வாணலி படுக்காது. கடின நீருக்கான அளவை மாற்றும் வசதி இன்றியமையாதது. ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடானால் இதை முதலில் கேளுங்கள். அதற்கென விற்கும் பரல் உப்பையே இடவேண்டும். சமையல் உப்புத் தூளில் கட்டி சேராமலிருக்கக் கலக்கும் பொருள்கள் அந்தக் கலனைக் கெடுக்கும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்வேன். மூன்று மணி நேரம் ஓடும் சிக்கன முறையைக் கண்டு பலர் மலைக்கிறார்கள். இப்பொறி செலவிடும் மின்சாரத்தின் பெரும்பகுதி நீரைச் சூடாக்கவே போகிறது. மெல்லச் சூடாக்கி நெடுநேரம் ஊறவிட்டால் மின்சாரமும் நீரும் குறையும். விரைவு வேண்டுமாயின் இரண்டும் கூடும். அமெரிக்க அரசு 2013இல் விதித்த வரம்பு, வழக்கமான அளவுள்ள பொறிக்கு ஒரு முறைக்கு 5 காலன், அதாவது ஏறத்தாழ 19 லிட்டர். இன்றைய நல்ல பொறிகள் அதிலும் குறைவாகவே செலவிடுகின்றன. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் எவ்வளவு செல்லும் என்பதை ஒரு நாள் வாளி வைத்து அளந்து பார்க்கலாம். மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஆகியவை பொறிக்குத் தகும். அலுமினியம் தூளின் காரத்தால் கறுக்கும். இரும்புத் தோசைக்கல்லின் எண்ணெய்ப் பதம் கழன்று துரு ஏறும். மரக்கரண்டி வெடிக்கும். பித்தளையையும் வைக்காதிருப்பதே நல்லது.

எங்கள் வீட்டில் கலங்களை அளக்க உட்கார்ந்தபோது, மருமகள் ஒரு பட்டியல் எழுதினாள். நானும் ஒன்று எழுதினேன். இரண்டையும் வேலை செய்யும் அம்மாளிடம் படித்துக் காட்டினோம். அவர் கேட்டுவிட்டு, “ஐயா, பால் காய்ச்சுற பாத்திரத்தை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. அதுதான் தினம் மூணு தடவை விழும்” என்றார். பிறகு குக்கரின் உள்பாத்திரங்களையும் மோர்க் குவளையையும் தாமே எடுத்துவந்து வரிசையாக வைத்தார். மூன்றாம் பட்டியலை அவர் சொல்லச் சொல்ல மருமகள் எழுதினாள். அந்தப் பட்டியலோடுதான் கடைக்குப் போனோம்.