அசையும் தலைப்பெழுத்து

காணொளியில் எழுத்தைத் தோன்றவும் நகரவும் மறையவும் செய்யும் கலை அசைவெழுத்து. எடிட்டிங் அறைகளில் இதை டைட்டில் அனிமேஷன் என்பார்கள். கல்யாண அழைப்பிதழ் வீடியோ, பாடல் வரி வீடியோ, ஆலைப் பாதுகாப்புப் பயிற்சிப் படம், உள்ளூர்ச் செய்தி என எங்கும் இது உண்டு. அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் ஆலைகள் உள்ள ஓசூரிலும் அதைச் சுற்றிய கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. ஒரே தலைப்பை மூன்று வரிவடிவங்களில் அசைத்துப் பார்த்தால் மென்பொருளின் பலமும் பலவீனமும் உடனே தெரிந்துவிடும்.

அடிப்படை எளிது. இந்தியத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 ஃபிரேம். முதல் ஃபிரேமில் எழுத்து திரைக்கு வெளியே, 12ஆம் ஃபிரேமில் நடுவே என இரண்டு கீஃபிரேம் வைத்தால், இடையிலுள்ள நிலைகளை மென்பொருளே கணக்கிட்டு நிரப்பும். இடம், அளவு, சுழற்சி, ஒளிபுகாமை எதையும் இப்படி மாற்றலாம். சீரான வேகத்தில் வரும் எழுத்து உயிரற்றுத் தெரியும். நிறுத்தத்தை நெருங்கும் பேருந்து வேகம் தணிந்து நிற்பதைப் போல எழுத்தையும் நிறுத்துவதற்கு ஈசிங் என்று பெயர்.

கணினிக்கு முன்பே இக்கலை இருந்தது. 1959இல் வந்த 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்துக்கு சால் பாஸ் அமைத்த தொடக்கத்தில், சாய்ந்த கட்டக் கோடுகளின் மேல் பெயர்கள் ஏறி இறங்கும். தமிழ்த் திரையின் மிகப் புகழ்பெற்ற அசைவெழுத்து 1992இல் வந்தது: சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய 'அண்ணாமலை' படத்தின் 'சூப்பர் ஸ்டார் ரஜினி' அட்டை. தேவாவின் இசையோடு ஒளிப்புள்ளிகள் கூடி ஒவ்வோர் எழுத்தாக உருவாக, அரங்கம் கூடவே எழுந்தது. இன்று உலகெங்கும் இவ்வேலைக்குப் பயன்படும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

அந்த அட்டையில் வந்தவை ஆங்கில எழுத்துகள் என்பது கவனிக்க வேண்டியது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஓர் உருவம். தனித்தனியே பறக்கவிட்டாலும் சிதையாது. தமிழ் அப்படியல்ல. 'ஓசூர்' நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் 5 குறியீடு. 'கிருஷ்ணகிரி' 6 எழுத்து, 11 குறியீடு. 'ஸ்ரீ' என்ற ஒற்றை உருவத்துக்கு 4 குறியீடு. உயிர்மெய் ஒரே எழுத்து என்பது நம் இலக்கணம். மென்பொருள் குறியீட்டை எண்ணி அசைத்தால் மெய் ஒருபுறம் வரும், உயிர்க்குறி புள்ளிவட்டத்தோடு மறுபுறம் தொங்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இன்னொரு கோளாறு: 'கொ' என்பது கொம்பு, க, கால் என 3 விசை. தட்டச்சு விளைவைப் போட்டால் முதலில் வெறும் கொம்பு, பிறகு 'கெ', கடைசியில்தான் 'கொ'. படிப்பவர் கண் தடுக்கி விழும்.

கன்னடமும் தெலுங்கும் வேறு கணக்கு கேட்கின்றன. 'கிருஷ்ணகிரி'யை அவ்விரு மொழிகளிலும் எழுதினால் 4 எழுத்துதான். ணகரம் ஒத்தாக மாறி முன்னெழுத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நொடியில் முழுப்பெயரும் வரவேண்டுமானால் தமிழில் எழுத்துக்கு ஏறக்குறைய 4 ஃபிரேம், கன்னடத்தில் 6. ஆகவே தமிழ்த் தலைப்பின் கீஃபிரேம்களை நகலெடுத்து மற்ற மொழிகளுக்கு அப்படியே ஒட்டுவது தவறான வழி. ஆங்கிலத்துக்கென விற்கப்படும் டெம்ப்ளேட்டில் மூன்றையும் திணிப்பது அதைவிட மோசம்.

தீர்வுகள் உண்டு. பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இரண்டிலும் தெற்காசிய மொழிகளைக் கையாளும் எழுத்து இயந்திரம் உண்டு. பல சிதைவுகள் அதிலேயே நேராகும். எழுத்தெழுத்தாக அசைப்பதை விட்டுச் சொல்சொல்லாக அசைப்பது பத்திரமான வழி. எழுத்துகள் தனித்தனியாகவே வரவேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் தனி அடுக்காக, படமாக மாற்றி அசைக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் உடையாது. எழுதுவது போன்ற தோற்றத்துக்கு மாஸ்க் போதும். எழுத்தை மூடிய திரையை இடமிருந்து வலமாக விலக்கினால் கொம்பு முதலில் தெரியும். நம் கையும் அதைத்தானே முதலில் எழுதுகிறது. அந்த ஒற்றுமையால்தான் தமிழுக்கு மாஸ்க் இவ்வளவு அழகாகப் பொருந்துகிறது.

மென்பொருள் செய்பவர்கள் 'எழுத்து' என்ற அலகை நம் இலக்கணப்படியே தரவேண்டும். அதை வாங்குகிறவர்களும் கேட்டுப் பெறவேண்டும். அதுவரை, வீடியோவைக் கொடுப்பதற்கு முன் ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டி, மணமக்கள் பெயரிலும் ஊர்ப் பெயரிலும் கொம்பு, கால், புள்ளி, ஒத்து எல்லாம் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.