மழைமானியும் மருந்துத் தெளிப்பானும்

ஐதராபாத் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வாரங்கல். 1997-98 ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்த வட்டாரத்துப் பருத்திக் காடுகளில் காலந்தவறிய மழை பெய்தது. மழையைத் தொடர்ந்து புழுக்கள் பெருகின. கடனுக்கு மருந்து வாங்கினார்கள், தெளித்தார்கள், புழு சாகவில்லை. மீண்டும் கடன், மீண்டும் தெளிப்பு. பருவம் முடிந்தபோது பருத்தியும் இல்லை, கடனை அடைக்க வழியும் இல்லை. உழவர் பலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டனர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1987-88 இல், குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் வெள்ளை ஈ பரவியபோதும் இதே துயரம் நேர்ந்தது.

மருந்தே இல்லாத காலத்தில் நேர்ந்த பஞ்சமன்று இது. மருந்து தாராளமாகக் கிடைத்தது. என்று தெளிக்க வேண்டும், என்று தெளிக்காமல் இருக்க வேண்டும் என்னும் அறிவே கிடைக்கவில்லை. அந்த அறிவுக்கு வானத்தை நோக்க வேண்டும் என்று கண்டவர்களின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

நம் நாட்டில் இவ்வரலாறு கோதுமையில் தொடங்குகிறது. கோதுமையைத் தாக்கும் துரு நோய் வடநாட்டுச் சமவெளியின் கோடை வெயிலில் பிழைத்திருக்க முடியாது. ஆயினும் ஆண்டுதோறும் தவறாமல் வந்துவிடுகிறது. எங்கிருந்து வருகிறது? ஆக்ராவில் பணியாற்றிய பேராசிரியர் கே. சி. மேத்தா பல்லாண்டுகள் ஆராய்ந்து, அந்நோய் குளிர்ந்த மலைகளில் கோடையைக் கழித்துவிட்டுச் சமவெளிக்கு இறங்குகிறது என்று நிறுவினார். தண்டுத் துரு நோய்க்கு அத்தகைய புகலிடம் நம் நீலகிரியும் பழனி மலையுமே என்பது தமிழ் நேயர்களுக்கு வியப்பளிக்கலாம். 1970களில் எஸ். நாகராஜன் முதலான அறிஞர்கள் செயற்கைக் கோள்கள் எடுத்த மேகப் படங்களைக் கொண்டு, வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ எழும் புயல் எவ்வழியாகச் சென்றால் தென்மலைகளின் நோய் வித்துகள் நடு இந்தியாவின் வயல்களில் மழையோடு இறங்கும் என்று விதிகள் வகுத்தனர். புயலின் பாதையைக் கண்டு பயிர் நோயை முன்னறிவது அன்று புதுமை.

வானிலைத் துறை 1932 இல் புனாவில் வேளாண் பிரிவு ஒன்றைத் தொடங்கிற்று. எல். ஏ. இராமதாஸ் அதன் தலைவராக விளங்கினார். 1945 முதல் உழவர்களுக்கான வானிலை அறிக்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. வானொலி சொன்னதை உழவர் கேட்பாரா என்று ஐயுற்றவர்களுக்கு நம் தஞ்சை மாவட்டமே விடையளித்தது. திருச்சி நிலையம் 1960களில் எடுத்துரைத்த ஏ.டி.டி. 27 நெல்லை மக்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர்! ஆனால் ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்னும் அறிக்கை தம் வயலைக் குறிக்கிறதா, அடுத்த ஊரைக் குறிக்கிறதா என்று அறிய வழியில்லை. அந்தக் குறை நெடுங்காலம் நீடித்தது.

இனி ஐதராபாத்துக்கு வருவோம். பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி நிலையம் 1966 இல் இங்கு அமைந்தது. மானாவாரி வேளாண்மைக்கான அகில இந்திய ஆராய்ச்சித் திட்டம் 1970 இல் இங்கிருந்து தொடங்கியது. 1972 இல், நகரை அடுத்த பட்டான்செருவில், இக்ரிசாட் எனப்படும் அனைத்துலக ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. வேளாண் வானிலைக்கான திட்டம் 1983 இலும், மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1985 இலும் வந்தன.

பட்டான்செருவில் நிலக்கடலை இலைப்புள்ளி நோயைப் பற்றி நடந்த ஆராய்ச்சி சற்று விரித்துரைக்கத் தக்கது. நம் உழவர் ‘டிக்கா நோய்’ என்று சொல்வது இதைத்தான். இலையில் விழுந்த பூசண வித்து முளைவிட ஈரம் வேண்டும். ஆகவே ஈரம் எவ்வளவு நீடிக்கிறதோ அவ்வளவு நோய் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆராய்ந்தவர்கள் கண்டதோ வேறு. ஓயாமல் நனைந்த இலையைவிட, இரவில் நனைந்து பகலில் உலர்ந்து மீண்டும் நனையும் இலையிலேயே நோய் மிகுந்தது. ஈரம் விட்டு விட்டு அமைந்தால் வித்தின் முளை இலைத்துளையை நாடி வளர்கிறது. இடைவிடாத ஈரத்தில் அது திசை தெரியாமல் அலைந்து, பல வேளைகளில் துளையைத் தாண்டியே போய்விடுகிறது. இரவுப் பனியும் பகல் வெயிலும் மாறி மாறி வரும் நம் நாட்டு வயல் அந்தப் பூசணத்துக்கு எவ்வளவு ஏற்றது!

இலை எத்தனை மணி நேரம் நனைந்திருந்தது என்று பதியும் கருவியை வயலில் நிறுத்தி, வெப்பநிலையோடு சேர்த்துக் கணக்கிட்டால் நோய்க்கான வாய்ப்பு எண்ணாகக் கிடைக்கும். அந்த எண் வரம்பைக் கடந்தால் தெளிப்பு. கடக்காவிடில் பணம் மடியிலேயே இருக்கலாம். நாட்காட்டியைப் பார்த்துத் தெளிக்கும் பழக்கத்திற்கு மாற்று இவ்வாறு பிறந்தது. எனினும் அந்தக் கருவியைச் சிற்றூர் தோறும் யார் நிறுத்துவது, யார் கணக்குப் பார்ப்பது? ஆராய்ச்சிப் பண்ணையின் வேலிக்கு வெளியே அது எளிதில் செல்லவில்லை.

வேலியைத் தாண்ட உதவியது கைபேசி. 2016 ஜூன் மாதத்தில் இக்ரிசாட், மைக்ரோசாப்ட் நிறுவனம், ஆந்திர அரசு ஆகிய மூன்றும் சேர்ந்து, கர்னூல் மாவட்டத்துத் தேவனகொண்டா மண்டலத்தில் 175 நிலக்கடலை உழவர்களைத் தேர்ந்தன. அப்பகுதியின் 30 ஆண்டு வானிலைக் கணக்கைக் கணிப்பொறி அலசியது. தெலுங்கில் குறுஞ்செய்தி சென்றது. ‘இப்பொழுது விதைக்க வேண்டாம், பொறுங்கள்’ என்பதே அதன் சாரம். வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் விதைப்பவர்கள் மாதக் கடைசி வரை காத்திருந்தார்கள். அண்டை வயலில் ஏர் ஓடிக்கொண்டிருக்கையில் கைகட்டி நிற்பது எளிதன்று. விளைச்சல் 30 சதவிகிதம் கூடியதாகத் திட்டத்தினர் அறிவித்தனர். சோதனை நடத்தியவர்களே தந்த, ஒரு பருவத்துக் கணக்கு அது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அடுத்த ஆண்டு இம்முறை பூச்சிகளின் பக்கம் திரும்பிற்று. தெலங்கானா, மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் ஏறத்தாழ 3,000 சிறு பருத்தி உழவர்களின் தொலைபேசியில் ஒரு குரல் ஒலித்தது. தத்துப்பூச்சி, இலைப்பேன், வெள்ளை ஈ, அசுவினி ஆகியவற்றின் ஆபத்து வரும் நாட்களில் மிகுதியா, நடுத்தரமா, குறைவா என்று அது தெரிவித்தது. எழுத்தறியாதவரும் கேட்டுணரக் கூடிய வகையில் குரலாகவே அனுப்பியது நல்ல ஏற்பாடு.

ஆபத்து ‘குறைவு’ என்று சொல்லும் குரலை நம்பித் தெளிக்காமல் விட்டு, பூச்சி வந்துவிட்டால்? கணிப்பொறிக்கு ஒரு பிழை. உழவருக்கு ஓராண்டு வாழ்வு. அதனால் வயலை நேரில் கண்ட ஒருவர் அருகிலிருந்து விளக்கிச் சொல்வது இன்றியமையாததாகிறது. வேளாண் பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 130 வானிலைப் பிரிவுகள் ஏற்கெனவே இப்பணியைச் செய்து வந்தன. அவற்றுக்குக் கீழே, மாவட்ட அளவில், 2018 முதல் வேளாண் வானிலைப் பிரிவுகள் ஏறத்தாழ 200 இடங்களில் அமைந்தன. வானிலைச் செய்தியை வட்டார மொழியில், வட்டாரப் பயிருக்கு ஏற்ப எழுதி அனுப்பும் வல்லுநர்கள் அவற்றில் இருந்தனர். 2019 இல் ‘மேகதூத்’ என்னும் கைபேசிச் செயலியும் வந்து, அவ்வறிவுரைகளை உழவர் கைக்குக் கொண்டு சேர்த்தது. செயலி வந்து ஐந்தாண்டு ஆவதற்குள், 2024 மார்ச்சு மாதத்தோடு, அந்த மாவட்டப் பிரிவுகள் நிறுத்தப்பட்டன.