வனைந்தவர் பெயர்

கலை எது, கைப்பணி எது என்ற வினாவுக்குப் பலரும் எளிதாக ஒரு விடை கூறுவர். அழகுக்காகப் படைப்பது கலை. பயனுக்காகச் செய்வது கைப்பணி என்பர். இந்த வரைவிலக்கணம் ஒரு மட்கிண்ணத்தின் முன் தடுமாறிய வரலாற்றை இங்கு நோக்குவோம்.

ஜப்பானின் கியோட்டோ நகரில், தைத்தோக்குஜி என்னும் பௌத்த மடாலயத்தைச் சேர்ந்த கோஹோ-ஆன் கோயிலுக்கு உரியது அந்தத் தேநீர்க் கிண்ணம். அது 16ஆம் நூற்றாண்டளவில் கொரியாவில் வனையப்பட்டது. அதன் அடிப்பாகத்தில் கண்ணாடிப் பூச்சு சீராகப் படியாது, குருணை குருணையாகத் திரண்டு நிற்கின்றது. சூளையில் நேர்ந்த இக்குறையையே தேநீர்ச் சடங்கின் ஆசான்கள் பேரழகெனக் கொண்டாடினர். 18ஆம் நூற்றாண்டில் மட்சுதைரா ஃபுமாய் என்ற பிரபு பெரும்பொருள் கொடுத்து அதனை வாங்கினார். இன்று அது ஜப்பானின் தேசியச் செல்வங்களுள் ஒன்று.

1931இல் அதனை நேரிற் கண்டவர் யனாகி சோயெட்சு. 1925இல் ஹமாதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ என்னும் மட்கலைஞர்களுடன் சேர்ந்து, மக்கள் கைப்பணியைக் குறிக்க 'மிங்கெய்' என்ற சொல்லை ஆக்கியவர் அவர். 1936இல் டோக்கியோவில் அதற்கென ஒரு நூதனசாலையையும் திறந்தார். அக்கிண்ணம் வறியவரின் சோற்றுக் கிண்ணம் என்றும், வனைந்தவரிடம் 'நான்' என்ற எண்ணம் இல்லாமையே அதன் அழகுக்குக் காரணம் என்றும் அவர் கருதினார். அது சடங்குக் கலமாயிருக்கலாம் என்போரும் உளர். எவ்வாறாயினும், கலைக்கும் கைப்பணிக்கும் இடையிலிருந்த கோட்டை யனாகி துணிந்து அழித்தார் எனலாம்.

ஆயினும் என் மனத்தை ஒரு செய்தி உறுத்துகின்றது. அக்கிண்ணத்தின் பெயர் 'கிசாஎமோன்'. அது ஒருகாலத்தில் அதனை வைத்திருந்த ஒசாகா வணிகரின் பெயர். வைத்திருந்தவர் பெயர் நிலைத்தது; வனைந்தவர் பெயர் மறைந்தது.

ஹமாதாவும் தம் கலங்களிற் பெயர் பொறிப்பதைக் கைவிட்டவர். ஆனால் 1955இல் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என அறிவித்தது. துறப்பதற்கு அவரிடம் ஒரு பெயர் இருந்தது. கொரியக் குயவருக்கு அந்தத் தெரிவு கிட்டியதா? 1592 முதல் 1598 வரை ஜப்பானியப் படைகள் கொரியாவைத் தாக்கியபோது குயவர் பலரைப் பிடித்துச் சென்றன. அதனாலேயே 'மட்பாண்டப் போர்' என்ற பெயரும் அதற்கு உண்டு. இத்தகைய மக்களின் பெயரின்மையை அழகின் இரகசியம் என்று மட்டும் போற்றினால், அவர்கள் இழந்தது நம் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும்.

'கிண்ணம் வனையப்பட்டது' என்பது செயப்பாட்டு வினை வாக்கியம். வனைந்தவரைச் சொல்லாது விட்டாலும் வாக்கியம் முற்றுப்பெறும் என்றே மாணவர்க்குக் கற்பிக்கிறேன். இலக்கணத்துக்கு அது போதும். வரலாறு எழுதுவோருக்கு அது போதாது. ஒரு பொருளைக் கலை என்பதா, கைப்பணி என்பதா என வாதிடுமுன், அதனை வனைந்தவர் யார் என்று கேட்பதே முறை.