அப்துல் காதிர்: பெயரும் பொருளும்

 

தமிழ் முஸ்லிம்களின் இல்லங்களில் பாட்டனார் பெயராகவோ பேரன் பெயராகவோ வழங்கிவரும் பெயர்களுள் ஒன்று அப்துல் காதிர். காதர், காதிர், காதிறு என்று பலவாறு நாம் அழைக்கும் இப்பெயரின் வரலாற்றையும் பொருளையும் இவ்வாண்டு மலரில் சிந்திப்போம்.

'அப்து' என்றால் அடியான். 'அல்காதிர்' என்றால் பேராற்றலுடையவன். இஃது அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. திருக்குர்ஆனின் 6ஆம் அத்தியாயம் 65ஆம் வசனத்தில் இடம்பெறுகிறது. இரண்டும் இணையும்போது 'பேராற்றலுடையோனின் அடியான்' என்று பொருள்படும். ஆற்றல் இறைவனுக்கு, அடிமைத்தனம் நமக்கு. பெயரின் முற்பாதியே நம்முடைய பங்கு.

இப்பெயர் உலகெங்கும் பரவியதற்குப் பெருங்காரணமாய் விளங்குபவர், ஜீலான் பகுதியில் ஹிஜ்ரி 470இல் பிறந்து, பக்தாதில் போதித்து, ஹிஜ்ரி 561இல் (கி.பி. 1166) மறைந்த ஷைகு அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள். அன்னாரின் 'முஹ்யித்தீன்' என்னும் சிறப்புப் பெயரே நம் நாட்டில் முகைதீன், மொய்தீன் என வழங்குகிறது. நாகூரில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களும் 'காதிர் வலி' எனப் பெயர் பெற்றவர்களே.

தமிழ் மண்ணில் இப்பெயர் பெற்ற புகழுக்குக் கீழக்கரை சாட்சி கூறும். 17ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த பெருவணிகரும் வள்ளலுமாகிய ஷைகு அப்துல் காதிர் மரைக்காயரின் பெயரே தமிழ் நாவில் திரிந்து 'சீதக்காதி' ஆயிற்று. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவர் அவர். இறந்த பின்னரும் ஈந்தவர் என்று இன்றுவரை பழமொழி அவரைப் போற்றுகிறது.

கடல் கடந்து பார்த்தால், அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர் (1808-1883) பிரெஞ்சுப் படையை 1832 முதல் 1847 வரை எதிர்த்து நின்றார். 1860இல் டமாஸ்கஸ் கலவரத்தின்போது ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் அளித்தவரும் அவரே. செல்வமும் வலிமையும் பெற்ற இவ்விருவரும் தம்மை அடியார் என உணர்ந்து வாழ்ந்தமையே பெயருக்குப் பெருமை சேர்த்தது.

இனி உச்சரிப்பைக் கவனிப்போம். தமிழில் 'க' ஒன்றே பல அரபு எழுத்துகளுக்கு நிற்கிறது. அடிநாக்கில் பிறக்கும் 'காஃப்' எழுத்துக்குரிய சொல் காதிர். அதையே 'கைன்' எழுத்தால் ஒலித்தால் 'வஞ்சகன்' என்று பொருள் மாறிவிடும். ஆகவேதான் நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதியபோது அரபுச் சொற்களை அவற்றின் மூல எழுத்துகளாலேயே எழுதினர். மக்தபில் பயிலும் நம் பிள்ளைகள் தத்தம் பெயரையேனும் பிழையின்றி ஒலிக்கக் கற்பது அவசியம்.

மற்றொன்றும் உண்டு. 'அப்துல்' என்பதில் உள்ள 'ல்' அடுத்த சொல்லாகிய 'அல்காதிர்' என்பதற்குரியது. அதனால் 'அப்துல்' என்று மட்டும் அழைப்பது, யாருடைய அடியான் என்று கூறாமல் பாதியில் நின்றுவிட்ட வாக்கியமாகும். 'காதர்' என்று மட்டும் அழைத்தாலோ, அடியான் மறைந்து ஆற்றல் மட்டும் மிஞ்சுகிறது. 'அர்ரஹ்மான்' போன்ற, அல்லாஹ்வுக்கே உரிய நாமங்களில் 'அப்து' என்பதை விடுத்து அழைப்பது அறவே தவிர்க்கப்பட வேண்டியதாகும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் உழைக்கும் நம் சகோதரர்களுக்கு இது ஏட்டளவுச் செய்தி அன்று. விண்ணப்பங்களில் முதற்பெயர், கடைசிப்பெயர் என இரு கட்டங்கள் இருப்பதால் ஒரே பெயர் இரண்டாக வெட்டப்படுகிறது. ஆலை அடையாள அட்டையில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் வேறொரு விதம் என்றானால், சேமநலநிதி பெறவும் ஹஜ் பயணத்துக்கு விண்ணப்பிக்கவும் அலைச்சல் நேர்கிறது.

எனவே, ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டும்போதே அதன் எழுத்துகளைத் தாளில் முடிவு செய்துகொள்ளுங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். பெயரின்றிப் பதிந்திருந்தால் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதே எழுத்துகளையே பள்ளிச் சான்றிதழிலும் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டிலும் பின்பற்றுங்கள்.

பெயரை முழுமையாக அழைப்போம். அதன் பொருளை வாழ்வில் காட்டுவோம். பேராற்றலுடைய அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் தன் உண்மையான அடியார்களாக ஏற்றருள்வானாக! ஆமீன்.