ஒளியை முந்தும் போர்

ஒளியை முந்தும் கப்பல்களைக் கொண்டு எவ்வாறு போரிடுவது? அறிவியல் புனைகதையில் வேகம் எளிதில் கிடைத்துவிடுகிறது. அதற்குரிய போர்முறைதான் அகப்படுவதில்லை.

1987இல் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ அத்தியாயம் ஒன்று நேர்த்தியான விடையொன்றைத் தந்தது. கேப்டன் பிக்கார்டின் கப்பல் ஒளியினும் விரைந்து எதிரியின் அருகே தோன்றுகிறது. பழைய இடத்திலிருந்து புறப்பட்ட ஒளி பின்னரே வந்து சேர்வதால், எதிரிக்கு ஒரு கணம் இரு கப்பல்கள் தெரிகின்றன. தர்க்கம் சரிதான். ஆனால் எதிரியின் உணரிகளும் ஒளியை நம்பியிருந்தால் மட்டுமே இது பலிக்கும்.

2017இல் வந்த ‘த லாஸ்ட் ஜெடாய்’ திரைப்படத்தில் ஹோல்டோ, ஒளியை மிஞ்சும் பாய்ச்சலில் தன் கப்பலையே எதிரிக் கப்பல்மீது மோதுகிறார். காட்சி மறக்கவியலாதது. எனினும் இவ்வளவு எளிய வழி இருந்தும் ‘டெத் ஸ்டார்’ மீது அதை ஏன் எவரும் பயன்படுத்தவில்லை என்று ரசிகர்கள் கேட்டனர். பத்து லட்சத்தில் ஒருமுறையே அது வாய்க்கும் என்று 2019இல் வந்த அடுத்த படம் ஒரே வசனத்தில் சமாளித்தது.

இவற்றுக்கு முன்பே, வியட்நாம் போரில் காயமுற்றுத் திரும்பிய ஜோ ஹால்டெமன் இக்கேள்வியை வேறுவிதமாக அணுகியிருந்தார். 1974இல் நூலாக வெளிவந்த அவரது ‘த ஃபாரெவர் வார்’ நாவலில் விண்வெளித் தாவல் நொடியில் முடிகிறது; ஆனால் தாவும் இடத்தை அடைய ஒளியை நெருங்கிய வேகத்தில் பயணிக்க வேண்டும். வீரனுக்குச் சில மாதங்கள் கழியும்போது பூமியில் பல ஆண்டுகள், சில வேளை நூற்றாண்டுகளே கடந்துவிடுகின்றன. எதிர்ப்படும் பகைவன் எதிர்காலத்து ஆயுதத்துடன் நிற்கக்கூடும். புறப்படும்போது வகுத்த வியூகம் போய்ச்சேரும் முன்பே காலாவதியாகிவிடும். பிழைத்துத் திரும்பினாலோ, அவன் விட்டுச் சென்ற ஊர் அங்கே இல்லை.

மற்றவர்கள் தந்திரத்தைக் கண்டறிந்தார்கள். அதற்குப் படைவீரன் கொடுக்கும் விலையையும் சேர்த்து எழுதியவர் ஹால்டெமன்.